கோடித்துணிக்கு வாட்ஸ்அப் போகாது

கடையில் என் கடைசி நாளன்று பிரியா ஒரு வட்ட விளக்கைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நிறுத்தினாள். கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் வாட்ஸ்அப்பையும் பார்த்துக்கொள்கிற பெண் அவள். "அக்கா, இத்தன வருசம் இங்கன இருந்திருக்கீங்க. ஒங்க அனுபவத்த ஒரு நிமிசத்துல சொல்லுங்க. அதுக்கு மேல போச்சுன்னா ஜனங்க தள்ளிவிட்டுட்டுப் போயிருவாவ" என்றாள். ஒரு நிமிடத்தில் என்னத்தைச் சொல்ல? மாநிறத்துக்கு எந்தக் கரை எடுக்கும், பட்டுச்சேலையை எப்படி மடித்து வைத்தால் இற்றுப்போகாது என்று ஏதோ உளறினேன். அதற்கு ஏகப்பட்ட பேர் ஹார்ட் போட்டிருப்பதாக மறுநாள் போன் பண்ணிச் சொன்னாள். உண்மையில் சொல்ல நினைத்தது வேறு. அது ஒரு நிமிடத்தில் அடங்காது, வட்ட விளக்குக்கும் ஒத்துவராது. அதனால் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் நான் வேலை பார்த்தது ஒரு ஜவுளிக்கடை. சுற்றுவட்டாரக் கரிசல் கிராமங்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. உளுந்தும் பாசியும் வீடு வந்து சேர்ந்தால் கடையில் கூட்டம். மழை பொய்த்தால் நாங்கள் சேலையைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருப்போம். தீப்பெட்டி ஆபீஸ்களில் போனஸ் போடுகிற வாரம் மட்டும் எந்த வருடமும் மோசம் போகாது. சேர்ந்த புதிதில் சேலை மடித்தேன், பிறகு எடுத்துக் கொடுத்தேன், பிறகு கட்டிக் காட்டினேன். நான் பெற்ற பயிற்சி அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஒரு நாள் பெரிய முதலாளி என்னைக் கல்லாவுக்குக் கூப்பிட்டார். "ஸ்டெல்லா, நீ வேதக்கார வீட்டுப் பிள்ள. ஒங்கள்ல இந்தத் தீட்டு கீட்டெல்லாம் பாக்க மாட்டாவல்லா. கோடித்துணிப் பக்கம் நிக்கியா?" என்றார். செத்தவர்களுக்குப் போர்த்த எடுக்கிற புதுத்துணிதான் கோடி, பெரும்பாலும் வெள்ளை. கடையில் மற்ற பெண்களெல்லாம் கல்யாணமாகாதவர்கள். அந்தப் பக்கம் நிற்க அவர்கள் வீட்டில் விடமாட்டார்கள். வேதக்காரர் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்தவர்கள். எங்கள் அம்மா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள், தீட்டும் தவறாமல் பார்ப்பாள். அதை முதலாளியிடம் போய் நான் எதற்குச் சொல்ல? சரி என்று தலையாட்டினேன்.

கோடி எடுக்க வருகிறவர்களிடம் நடந்துகொள்ள முறை உண்டு. "வாங்க" என்று சொல்லக் கூடாது. உட்காரச் சொல்லக் கூடாது. யாருக்கு, என்ன வயது என்று கேட்கவே கூடாது. அவர்கள் கேட்டதை எடுத்து வைக்க வேண்டும். இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது என்று அடுத்ததைப் பிரித்துக் காட்டக் கூடாது. எங்கள் கடைப் பையில் "நன்றி, மீண்டும் வருக" என்று அச்சடித்திருக்கும். அதனால் கோடியைப் பையில் போடமாட்டோம். பழைய செய்தித்தாளில் சுற்றிச் சணல் கயிறு கட்டிக் கொடுப்போம். போகும்போது "போயிட்டு வாங்க" கிடையாது. அவர்களும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்கள்.

பெரிய முதலாளி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் கூடக்கூடக் குரல் இறங்கிக்கொண்டே போகும். அவர் முணுமுணுத்தால் கடையே நடுங்கும். கோடி எடுக்க ஆள் வந்துவிட்டால் கல்லாவிலிருந்தபடியே ஒரு விரலை உயர்த்துவார். கடையில் ஓடுகிற பாட்டை உடனே நிறுத்திவிடுவார்கள். மேல்மாடியில் முகூர்த்தப் பட்டு எடுத்துக்கொண்டிருக்கிற கல்யாண வீட்டாருக்குப் பாட்டு ஏன் நின்றதென்றே தெரியாது. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பெண் விவரம் தெரியாமல் பல்லெல்லாம் தெரிய, "வாங்கண்ணே, என்ன பாக்குதீங்க?" என்று கேட்டுவிட்டாள். வந்தவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி கல்லாவை விட்டு இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் அவர் முன்னால் கைகூப்பி நின்றார். அந்தப் பெண்ணை அவர் திட்டவேயில்லை. அதற்குப் பதில் திட்டியேயிருக்கலாம், அவள் அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை.

கொரோனாவில் கடை அடைத்துக் கிடந்தபோதுதான் காலம் மாறியது. பெரியவருக்கு முட்டுவலி வந்து வீட்டோடு இருந்துகொண்டார். மகன் கார்த்திக் பொறுப்புக்கு வந்தான். நான் தூக்கி வைத்துக்கொண்ட பிள்ளை. இருந்தாலும் கடையில் "தம்பி, நீங்க" என்றுதான் கூப்பிடுவேன். முதல் வேலையாகச் சேலைகளைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டான். பிறகு லைவ். நான் சேலையை முந்தி தெரியப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவன் போனைப் பிடித்துக்கொண்டு பேசுவான். புதியம்புத்தூர் ரெடிமேடுக்காரர்கள் எங்களுக்கு முன்னாலேயே லைவில் இறங்கியிருந்தார்கள். "அவிய நைட்டிய சென்னைக்கு விக்காவ. நாம பட்ட விக்க முடியாதாக்கா?" என்பான். விற்கத்தான் செய்தது. பம்பாயிலிருந்தெல்லாம் நம் ஊர்க்காரர்கள் கேட்டார்கள். மூட வேண்டிய கடையைக் காப்பாற்றியது அந்தப் போன்தான். இதை நான் மறுத்தால் என் வாய் அழுகிப்போகும். பெரியவரும் இப்போது வீட்டில் சாய்ந்துகொண்டு கடை ரீல்ஸ் ஒன்று விடாமல் ஹார்ட் போடுகிறார்.

அப்புறம் பில் போடும்போதே போன் நம்பர் வாங்குகிற ஏற்பாடு வந்தது. நம்பரை ஏற்றிவிட்டால் போதும். சேலை எடுத்துப் போனவர்களுக்குச் சில நாளில் ஒரு செய்தி, பண்டிகைக்கு ஒரு செய்தி, எல்லாம் தானாகவே போகும். எனக்கு முதலில் தோன்றியது கோடிதான். "தம்பி, கோடி எடுக்கவங்களுக்கு 'மீண்டும் வருக'ன்னு போயிருச்சுன்னா?" என்றேன். கார்த்திக் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். என்ன இருந்தாலும் அவர் மகன். அன்றைக்கே ஆளை வரவழைத்து வெள்ளைத்துணிக்கு நம்பரே கேட்காதபடி மாற்றினான். "கோடித்துணிக்கு வாட்ஸ்அப் போகாதுக்கா. நிம்மதியா இருங்க" என்றான். இருந்தேன்.

செய்தியை எழுதியது நான்தான். அவன் முதலில் "அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்று எழுதி வைத்திருந்தான். "கரண்டு ஆபீஸ் நோட்டீஸ் மாரி இருக்கு தம்பி, யாரு படிப்பா?" என்று சிரித்துவிட்டேன். "அப்ப நீங்க சொல்லுங்க, நாங்க போடுதோம்" என்றான். சொன்னேன்: "நல்லாருக்கீங்களா? எடுத்துட்டுப் போன சேலை பிடிச்சிருக்கா? கட்டி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, எப்படி இருக்குன்னு பாக்கணும். ஸ்டெல்லா அக்கா." செய்தியின் தொடக்கத்தில் அவரவர் பெயரை மெஷின் தானாகவே சேர்த்துக்கொள்ளும். படங்கள் வந்து குவிந்தன. வளைகாப்பு, சடங்கு, கிறிஸ்துமஸ், கோயில் கொடை என்று எத்தனை முகங்கள்! கடைக்கு வருகிறவர்கள், "ஸ்டெல்லாக்கா யாரு?" என்று கேட்டு வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து மகள் கௌசல்யாவின் கல்யாணத்துக்குப் பட்டெடுத்துப் போன குடும்பம் ஒன்று உண்டு. அன்றைக்கு அரை நாள் என்னைப் பாடாய்ப் படுத்தினார்கள். அம்மா கோமதிக்குப் பிடித்தது மகளுக்குப் பிடிக்கவில்லை, மகளுக்குப் பிடித்ததை, "இது என்னட்டி, கஞ்சித்தண்ணி கலரு?" என்று அம்மா தள்ளிவிட்டாள். கடைசியில் அரக்குப் பட்டில் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். அப்பாவிடம் பட்டன் போன்தான் இருந்தது. அதனால் பில்லுக்கு மகள் நம்பரைக் கொடுத்தார்கள். சில நாளில் கௌசல்யா மணவறைப் படத்தையும் அனுப்பிவைத்தாள்.

அடுத்த வருடம் ஆனி மாதத்தில் அந்த அப்பா மறுபடியும் வந்தார். கூட இரண்டு ஆண்கள். நான் மேல்மாடியில் பட்டுப் பக்கம் நின்றிருந்தேன். அவரைக் கண்டதும் "வாங்கண்ணாச்சி" என்று வாய்வரை வந்துவிட்டது. அவர் உட்காரவில்லை. "ஒரு பட்டுச்சேல வேணும்" என்றார், சேலைகளைப் பார்க்காமலே. எனக்கு விளங்கிவிட்டது. கணவன் இருக்கும்போது பெண் போய்விட்டால், பிறந்த வீட்டிலிருந்து வருகிற கோடி வெள்ளையாக இருக்காது. கல்யாணத்துக்கு எடுப்பதைப் போலவே நிறமாய், பட்டாய் எடுப்பார்கள். கட்டிக்கொடுத்த ஊரில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பெறந்த வீட்டுச் சேல வந்துட்டா?" என்பதுதான்.

நான் எதுவும் கேட்கவில்லை. அரக்கில் ஒன்றை எடுத்து வைத்தேன். அவர் விரலால் கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். பெரியவர் சொல்லிக் கொடுத்த முறை மாறாமல் நானே கீழே எடுத்து வந்தேன். பாட்டை நிறுத்தச் சொன்னேன். பில் போடுகிற பெண்ணை ஒரு பார்வை பார்த்தேன். அவளும் புரிந்துகொண்டு நம்பர் கேட்கவில்லை. ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் நம்பரைச் சொன்னால்தான் பில் வரும் என்று ஊர் ஜனங்கள் பழகிப்போயிருந்தார்களே! அவர் தானாகவே நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர்தான். மகளுடையது. ஒவ்வொரு எண்ணாக, தப்பில்லாமல், நின்று நிதானமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கிறவரை எப்படித் தடுக்க? அந்தப் பெண் பேசாமல் ஏற்றினாள். செய்தித்தாளில் சுற்றிக் கயிறு கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டதில், நம்பரை எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அந்தப் பெண்ணுக்கும் தோன்றவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். கீழே அலுவலக அறையில் பிரியா "ஐயோ" என்று அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றிருந்தாள். நிமிர்த்திப் பார்த்தேன். மேலே நான் எழுதின செய்தி. "கௌசல்யா, நல்லாருக்கீங்களா? எடுத்துட்டுப் போன சேலை பிடிச்சிருக்கா? கட்டி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, எப்படி இருக்குன்னு பாக்கணும். ஸ்டெல்லா அக்கா." அதற்குக் கீழே அவர்கள் அனுப்பியிருந்த படம். ஐஸ் பெட்டிக்குள் கௌசல்யா. நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறையப் பூ, நான் எடுத்துக் கொடுத்த சேலை.

படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவும் இருந்தது. திட்டு வாங்கத்தான் போகிறேன், வாங்க வேண்டியதுதான் என்று அதைத் தொட்டேன். கோமதியின் குரல். "ஸ்டெல்லாம்மா, நான் கோமதி பேசுதேன். போட்டோ கேட்டிருந்தீங்கல்லா, அனுப்பியிருக்கேன். சேல நல்லா இருந்துச்சும்மா. அவளுக்கு எடுப்பா இருந்துச்சு. பெட்டிக்குள்ள வச்சிட்டாவளா, அதான் முந்தி சரியாத் தெரியல." அவ்வளவுதான். பிரியா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

கார்த்திக் அன்று எதுவும் சாப்பிடவில்லை. "அக்கா, நேர்ல போய்க் கால்ல விழுந்துருவோம். மெஷின் அனுப்புனதுன்னு உண்மையச் சொல்லிருவோம்" என்றான். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று பொறுத்து, இரண்டு பேரும் அவன் காரில் போனோம். எட்டயபுரம் தாண்டியதிலிருந்து இரண்டு பக்கமும் வெறும் கரிசல், வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வழி முழுக்க என்ன சொல்ல வேண்டும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு முன்னாலேயே அப்பா எங்களைப் பார்த்துவிட்டார். வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். கார்த்திக் ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார். "தெரியும் தம்பி. சேல எடுத்த எல்லாத்துக்கும் அனுப்புவீங்கன்னு எனக்குத் தெரியும். மாப்ள வீட்டுல சாமானோட சாமானா அவ போனயும் குடுத்துவிட்டாவ. அத இவ கையிலயே வச்சிருக்கா. ஒங்க செய்தியப் பாத்துட்டு அன்னைக்குத்தான் ரெண்டு வாய் சோறு தின்னா. மெஷினு கிஷினுன்னு அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க. ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன்."

கார்த்திக் என்னைப் பார்த்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே கோமதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் போன். மகள் பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம், திருப்பூரிலிருக்கிற தம்பிக்கு அம்மாவைப் பேசவைத்து அனுப்புவாளாம். மைக் படத்தை அமுக்கிக்கொண்டு பேச அப்படித்தான் பழகினாளாம். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். மகளுக்கு மூன்று நாள் காய்ச்சல்தான் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நடந்துதான் போனாள் என்றாள். பிறகு இதைச் சொன்னாள்:

"வந்தவிய எல்லாம் எப்படிச் செத்தா, எப்படிச் செத்தான்னுதாம்மா கேட்டாவ. எம் மக எப்படி இருந்தான்னு ஒருத்தரும் கேக்கல. நீங்க ஒரு ஆளுதான் கேட்டீங்க."

கோடி எடுக்க வருகிறவர்களிடம் எதுவும் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று இத்தனை வருடம் நின்றவள் நான். அன்றைக்குக் கௌசல்யாவின் அப்பாவிடமும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்க நினைத்ததையெல்லாம் கேட்காமலே பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். எதுவும் தெரியாத ஒரு மெஷின் என் பெயரைப் போட்டுக் கேட்டுவிட்டது. "சேலை அவளுக்கு நல்லா இருந்துச்சும்மா" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கோமதி தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். கார்த்திக் வாசலைத் தாண்டி உள்ளே வரவேயில்லை. விழ வேண்டும் என்று வந்த கால் அவன் கண்ணில்கூடப் படவில்லை.

திரும்பி வந்ததும் அவன் முதலில் செய்தது, பட்டியலிலிருந்து கௌசல்யாவின் நம்பரை எடுத்ததுதான். இனி எந்த விளம்பரமும் அந்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது. நானும் சரியென்றேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. அவன் அத்தோடு நிற்கவில்லை. போட்டோ கேட்கிற செய்தியையே நிறுத்திவிட்டான். கல்யாணப் பட்டா கோடிப் பட்டா என்று மெஷினுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று ஆட்களோடு பேசிப் பார்த்தான். எடுக்கிறவர்களே வாய்திறந்து சொல்லாததை மெஷினுக்கு யார் சொல்ல?

ஆடித் தள்ளுபடி போனது. ஆவணி முகூர்த்தங்கள் வந்தன. லைவில் நான் மறுபடியும் சேலை பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னைப் போல் சிரிக்க வரவில்லை. "அக்கா, கொஞ்சம் சிரிங்க" என்று யாராவது எழுதுவார்கள். பல்லைக் காட்டுவேன்.

புரட்டாசியில், விதைப்புக்கு மழை பார்த்துக்கொண்டிருந்த நாளில், கடை போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பிரியா அதைத் திறக்காமல் என்னிடமே கொண்டுவந்து கொடுத்தாள். "ஸ்டெல்லாம்மா, நான் கோமதி. நல்லாருக்கீங்களா? ஆடித் தள்ளுபடிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் ஒங்க கடையில இருந்து செய்தி வந்துச்சாம். நம்ம நம்பருக்கு வரல. எம் மக பேர நீங்களும் எடுத்துட்டீங்களாம்மா?"

ரேஷன் கார்டில் எடுத்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டில் எடுத்திருப்பார்கள். நல்லது செய்கிறோம் என்று நாங்களும் எடுத்திருக்கிறோம். கார்த்திக்கிடம் போட்டுக் காட்டினேன். அவன் முழுவதும் கேட்டுவிட்டு, பில் போடுகிற பெண்ணை எழுந்திருக்கச் சொல்லி அந்த இடத்தில் தானே உட்கார்ந்து, அந்த நம்பரை ஏற்றினான். பெயர் என்று கேட்ட இடத்தில் "கௌசல்யா" என்று அடித்தான்.

தீபாவளிக்கு எல்லோருக்கும் போனது போலவே அந்த நம்பருக்கும் போனது. "கௌசல்யா, புதுச்சேலை நிறைய வந்திருக்கு. வீட்டோட வாங்க. ஸ்டெல்லா அக்கா." நான் வேலையை விட்ட பிறகும் இந்தப் பெயரிலேயே போகட்டும் என்று கார்த்திக்கிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தச் செய்தி போன அன்று மத்தியானம், கடை நிறையக் கூட்டமும் பாட்டும் இரைந்துகொண்டிருந்தபோது, கோமதியிடமிருந்து பதில் வந்தது. போனைக் காதோடு ஒட்டவைத்துக் கேட்டேன்.

"ஸ்டெல்லாம்மா, எங்களுக்கு இந்த வருசம் தீவாளி கெடையாதுல்லா. வரலன்னு அவள ஒண்ணும் தப்பா நெனச்சுக்கிடாதீங்க. அடுத்த வருசமும் மறக்காமக் கூப்பிடுங்க."